என் பெயரில் எனக்கு முன்னால் ஒருவன்

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
ஐப்பசி 6, வியாழக்கிழமை

சிரஞ்சீவி மைத்ரேயிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் க்ஷேமம், அங்கே நீ க்ஷேமமாக இருக்கத் தாயாரைச் சேவித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எழுதிவிட்டு, அந்த க்ஷேமம் என்ற வார்த்தையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. சர்க்கரை நூற்று முப்பதில் நிற்கிறது. ஆனால் என் தலையில் இடி விழுந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது, அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. தீபாவளியன்று காலையில் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று ஒரு மெசேஜ், அதுவும் அம்மாவுக்கு. எனக்கு ஒரு புள்ளி கமா கிடையாது. நான் பேசிய பேச்சுக்கு உனக்குக் கோபம் இருக்க வேண்டியதுதான். அதனால்தான் நீ ட்ரெயினிங்கில் இருந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேனாவைத் தேடி எடுத்தேன். வாட்ஸ்அப்பில் தட்டினால் ஆகாதா என்றாள் அம்மா. இது விரலால் தட்டுகிற விஷயம் இல்லை.

முதலில் அகத்துச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒட்டுவதற்கு முன் வாங்கிப் படிக்கப்போகிற அம்மா கோபித்துக்கொள்வாள். தீபாவளிக்கு உனக்கென்று பண்ணின மனோகரம் டப்பாவில் அப்படியே இருக்கிறது, என்னைத் தொடவிடவில்லை. மாடியில் இருக்கும் அனந்தபத்மநாபன் புது ஸ்கூட்டர் வாங்கி முதல் நாளே வடக்கு உத்தர வீதியில் மாட்டின் மேல் மோதினார், மாட்டுக்கு ஒன்றும் இல்லை. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. ஐப்பசி முழுக்கத் தினம் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து கோயிலுக்குத் தங்கக் குடத்தில் தீர்த்தம் வருகிறதே, அதைப் பார்க்க உன் அம்மா விடியற்காலையிலேயே போய் நிற்கிறாள், மாடிப்படி என்றால் வலிக்கிற முழங்கால் அதற்கு மட்டும் வலிப்பதில்லை. நீ வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே, தலைக்கு எண்ணெய் வை, உப்புக் காற்றில் முடி கொட்டுகிறது என்று போன தடவை நீயே சொன்னாய். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் புதுக் கப்பலின் பேரைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய், எழுதவில்லை. உன் அம்மா என் பேரை வாயால் சொல்லாமலே முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தவில்லையா, அந்த மாதிரி நானும் "அது" என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அந்தப் பேரை நீ சொன்ன நாளில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அது தண்ணீரில் இறங்கிய வீடியோவை நீ அனுப்பியிருந்தாயே, தேங்காய் உடைத்து, அதர்வ வேதம் சொல்லி, ஒரு குழந்தைக்கு நாமகரணம் பண்ணுகிற மாதிரி பேர் சொல்லி, அதை முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் காட்டினேன். அதை நேவியில் சேர்க்கிற கமிஷனிங் விழாவுக்குக் கட்டிக்கொள்ள அம்மாவுக்குப் புடவை எடுக்க மலைக்கோட்டைக்குப் போனோம். தீபாவளிக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. கடை வாசலில் செக்யூரிட்டியாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் சின்னையா என்று பேர், மருங்காபுரிப் பக்கம், முன்னால் நேவியில் மாலுமியாக இருந்தவராம். விடுவேனா நான். என் பெண்ணும் நேவிதான், லெப்டினன்ட், இன்ன கப்பலில் போகப்போகிறாள் என்று பேரைச் சொன்னேன். அந்த மனுஷர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மறுபடி சொல்லுங்க சார் என்றார். சொன்னேன். அப்புறம், அந்தப் பேரை மறுபடி வச்சிட்டாங்களா சார், ரொம்ப சந்தோஷங்க, அந்தக் கப்பல்ல போனவங்கள்ல எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரோட கூட்டாளியும் ஒருத்தருங்க, ஒருத்தர் உடம்பும் கிடைக்கலைங்க என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. எந்தக் கப்பலில் போனவர்கள், இது இன்னும் கடலுக்கே போகவில்லையே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முந்தி இதே பேர்ல ஒரு கப்பல் இருந்துச்சுங்க, ஆளுங்களோட முழுகிடுச்சு. கப்பல் போனா பேர் போவாதுங்க சார். டெல்லியில அதுக்குன்னு ஒரு கமிட்டியே இருக்கு. ஆத்துப் பேரு, மலைப் பேரு, ஊர்ப் பேரு, கத்தி கேடயம் பேருன்னு வகை வகையா வைப்பாங்க, பழைய பேர் சும்மா கிடந்தா அதை எடுத்து அடுத்த கப்பலுக்குக் கொடுத்துடுவாங்க. வயசாகி உடைச்ச கப்பல் பேரையும் வைப்பாங்க, அடிபட்டு முழுகின கப்பல் பேரையும் வைப்பாங்க. அவர் பெருமையாகத்தான் சொன்னார். புடவை எடுக்காமலே ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி வந்துவிட்டோம், உன் அம்மா வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அகத்துக்கு வந்து மொபைலில் தேடித் தேடிப் பார்த்தேன். சின்னையா சொன்னது அத்தனையும் நிஜம். விக்ராந்த் என்று பெரிய கப்பல் இருக்கிறதே, அதற்குப் பழைய விக்ராந்தின் பேர் மட்டுமில்லை, நம்பரையும் அதே ஆர் பதினொன்றையே எழுதியிருக்கிறார்கள். கல்வரி என்ற நீர்மூழ்கிக்கும் அப்படித்தான், பழைய கல்வரி ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் பேர் புதுசுக்கு வந்திருக்கிறது. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன். நான் பார்த்தவரை ஒரு இன்ஜினைக் கண்டம் பண்ணி உடைக்கத் தள்ளினால் அதன் நம்பரும் அதோடு போச்சு. அதைக்கூட எடுத்து வேறொன்றின் நெற்றியில் எழுத மாட்டோம். செத்துப்போன கப்பலின் பேரை எழுதின கப்பலில் என் ஒரே பெண்ணை ஏற்றி அனுப்புவதா?

அந்த ஆத்திரத்தோடுதான் உனக்குப் போன் பண்ணினேன். என்ன கத்தினேன் என்று உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை, இப்போது அதை என் கையாலேயே எழுதுகிறேன். ஆயுசு முடிஞ்சு போனவா பேரைப் பேரனுக்கு வைக்கறது வழக்கம், அல்பாயுசுல போன பேரை எந்த அகத்துலயாவது திருப்பி வைப்பாளா என்று கேட்டேன். அது அபசகுனம், வேறு கப்பல் கேட்டு எழுதிக் கொடு, இல்லாவிட்டால் கமிஷனிங்குக்கு நானும் வரமாட்டேன், அம்மாவையும் அனுப்பமாட்டேன் என்றேன். உனக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியும் என்றாய். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்க இப்படித்தான் கத்துவேள்னும் தெரியும் என்றாய். அப்புறம் நீ ஒன்று சொன்னாய், அதை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பேரைக் கடலுக்கடியிலயே விட்டுட்டு வந்துடலாம்னு சொல்றேளாப்பா, அதுல போனவாளோட அகத்து மனுஷா எல்லாம் கமிஷனிங் அன்னிக்கு வரா என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன், நீ இல்லை, அம்மாவிடம் மாற்றிச் சொல்லியிருந்தேன், இப்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் நிற்கிற டாக்யார்டுக்குள் வர பாஸ் போட வேண்டுமென்று நீ புரட்டாசியிலேயே எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்டாய் அல்லவா, ஆதாரில் நான் பிறந்தது 1962 என்றும் பென்ஷன் புத்தகத்தில் 1960 என்றும் இருக்கிறது என்று உங்கள் ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஜாதகப்படி நான் 62 புரட்டாசி. ஸ்கூலில் சேர்க்கும்போது உன் தாத்தா இரண்டு வயசு கூட்டிப் போட்டுவிட்டார், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஸ்கூல் தேதி ஒன்று, நிஜத் தேதி ஒன்று, அதுதான் சர்வீஸிலும் ஏறிவிட்டது என்று அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சரி, பிறப்புப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வாங்கிவிட்டால் சண்டை தீர்ந்தது என்று மாநகராட்சிக் கோட்ட ஆபீஸில் அப்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். உன்னோடு சண்டை போட்ட பிறகு அதைக் கேட்டு வாங்குகிற எண்ணமே இல்லை, வரப்போவதில்லை என்றான பிறகு பாஸ் எதற்கு. ஆனால் போன வெள்ளிக்கிழமை அவர்களே கூப்பிட்டார்கள்.

அங்கே ரஷீதா என்று ஒரு அம்மாள், பழைய பதிவேடுகளைப் பார்ப்பவர், நல்ல பொறுமைசாலி. நான் இரண்டு வருஷத்தையும் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன், அவர் இரண்டையும் பார்த்திருக்கிறார். சார், உங்க கூடப் பிறந்தவர் எங்கே இருக்கார், அண்ணனா தம்பியா என்று கேட்டார். எனக்கு ஒரு அக்கா மட்டும்தான், அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை என்றேன். இல்லைங்க, அதே அப்பா பேரு, அதே அம்மா பேரு, அதே கதவு நம்பர், அறுபது ஆகஸ்ட்ல ஒரு ஆண் குழந்தை, அறுபத்திரண்டு அக்டோபர்ல ஒரு ஆண் குழந்தை என்றார். நான் சிரித்தேன் மைத்ரேயி. யாராவது தப்பாக எழுதியிருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்புறம் இன்னொரு பதிவேட்டைத் திருப்பி, விரல் வைத்து, மெதுவாகப் பாருங்க சார் என்றார். அது இறப்புப் பதிவேடு. 1962 பிப்ரவரி. ராஜகோபாலன். ஆண். வயது ஒன்றரை. ஜுரம்.

நான் பதிவேட்டை என் பக்கம் இழுத்து மறுபடி படித்தேன். என் பேர். என் அப்பா பேருக்கு நேராக என் பேர். நான் செத்துப் போய்விட்டதாக எழுதியிருக்கிறதா அம்மா என்று அந்தப் பெண்மணியிடம் அசடு மாதிரி கேட்டேன். நீங்க இல்லை சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவர் என்றார். உங்களுக்கு முன்னாடி இருந்தவர். ஆபீஸில் ஒரு சீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் என்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுபது வருஷமாகப் பொய்த் தேதி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய்த் தேதியே இல்லை. இன்னொருத்தனுடைய நிஜத் தேதி. ஸ்கூலில், பரீட்சையில், பொன்மலை வருகைப் பதிவு மஸ்டரில் எல்லாவற்றிலும் நான் அவனுடைய காகிதத்தைக் காட்டி உள்ளே நுழைந்திருக்கிறேன். வகுப்பில் எப்போதும் நான்தான் எல்லோரிலும் குள்ளம், முதல் பெஞ்சு, ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது, ஆறு வயசுக்காரன் இடத்தில் நாலு வயசில் போய் உட்கார்ந்தவன் நான். கொரோனா சமயத்தில் ஒரு மாலைகூட இல்லாமல் ரிட்டயர் ஆனேனே, அன்றைக்கு அறுபது முடிந்தது எனக்கு இல்லை, அவனுக்கு.

அகத்துக்கு வந்து சொன்னதும் உன் அம்மா அடப் பெருமாளே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷமே முகம் மாறிப்போய், ஏன்னா, அப்ப எந்த ஜாதகத்தைப் பார்த்து என்னை உங்களுக்குக் கொடுத்தா என்று கேட்டாள் பார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பீரோவைக் குடைந்து ஜாதகத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், 62 புரட்டாசி, என்னுடையதுதான். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை. மறுநாள் காலையிலேயே தில்லைநகருக்கு உன் செங்கமலம் அத்தையிடம் போனேன். அவளுக்கு எழுபத்திரண்டு ஆகிறது, அப்போது ஒன்பது வயசு, தெரியாமல் இருக்காது. நகலைக் கையில் கொடுத்தேன். அவள் படிக்கவே இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடைசியில ஒரு கடுதாசி சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னு இருக்கு அம்பி என்றாள்.

அத்தை சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவளுக்குப் பிறகு ஏழு வருஷம் குழந்தை இல்லையாம். தாத்தா மன்னார்குடி ராஜகோபாலனிடம் வேண்டிக்கொண்டாராம், பிள்ளை பிறந்தால் உன் பேர் என்று. பிறந்தான். ஒன்றரை வயசில் மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டான். அப்போது நான் உன் பாட்டி வயிற்றில் இரண்டு மாசம். நான் பிறந்ததும் பாட்டியின் மனுஷர்கள் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினார்களாம், அல்பாயுசுப் பேர், அதைத் திரும்ப வைக்காதீர்கள் என்று. கேட்டுக்கொள், நான் உன்னிடம் கத்தினேனே, அதே வார்த்தை. தாத்தா ஒருத்தர்தான் பிடிவாதமாக இருந்திருக்கிறார். வேண்டிண்டு வாங்கின பேர், குழந்தைதான் போச்சு, பேர் போகலை என்று. பதினோராம் நாள் என் காதில் அவர் அந்தப் பேரைச் சொன்னாராம். அடுத்துப் பாட்டியைச் சொல்லச் சொன்னார்களாம். பாட்டி குனிந்து, என் காதுகிட்ட வந்து, வாயைத் திறந்து, சொல்ல முடியாமல் அம்பி என்றாளாம். அதோடு சரி. என்னை ஸ்கூலில் சேர்க்கிறபோது தாத்தா கைக்கு வந்தது முதல் குழந்தையின் சர்டிபிகேட், பேர் இதுதானே என்று அதையே நீட்டிவிட்டார். என்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தையைத் தாயார் சன்னிதியில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள் பாட்டி. பேரைச் சொல்லும்போதெல்லாம் குழந்தை பயப்படுவான் என்றாளாம்.

எனக்கு என் அம்மா மேல் கோபம் வந்தது, அப்பா மேல் வந்தது, அத்தையிடம் குரலை உயர்த்தினேன், அவள் பாவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்பி அம்பி என்று அம்மா செல்லமாகக் கூப்பிடுகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே. அம்மா பேர் சொல்லவில்லை, அவளைப் பார்த்து அப்பாவும் அக்காவும் அம்பி என்றார்கள், ஆம்படையாள் பேர் சொல்ல மாட்டாள், நீ அப்பா என்பாய். என் அகத்தில் என் பேரை யாருமே கூப்பிட்டதில்லை மைத்ரேயி. ஒரே ஒரு தடவை தவிர. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பாட்டி போன அன்று மத்தியானம், உனக்கு அப்போது ஏழு வயசு, ஸ்கூலுக்குப் போயிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனில் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகக் கண் திறக்காதவள் கண்ணைத் திறந்து, தெளிவாக, ராஜகோபாலா என்றாள். பெருமாளைக் கூப்பிடுகிறாள் என்று அத்தை சொன்னாள். இல்லை, முதல் தடவையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, இங்கே இருக்கேம்மா என்றேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது தெரிகிறது. நாற்பத்திரண்டு வருஷமாக வாயில் வராத பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் இங்கே இருக்கேம்மா என்று நான் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அது பொய்யில்லை. அவனாக நினைத்தாளோ, என்னை நினைத்தாளோ, இரண்டு பேரும் வந்துவிட்டோம் என்று நினைத்தாளோ. அவனுக்கு வேறு எதுவும் கிடையாது. அவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு நம் வழக்கத்தில் தகனம் கிடையாது, திதி கிடையாது, போட்டோ கிடையாது. அவனுக்கென்று இந்தப் பூமியில் மிஞ்சியது அந்தப் பேர் ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பேரைக் கூப்பிட்டபோது பதில் சொல்ல ஒருத்தன் இருந்தான். தாத்தா வேறு பேர் வைத்திருந்தால் அவள் கூப்பிட்டது காற்றில் போயிருக்கும்.

இதை நினைத்துக்கொண்டு தீபாவளியன்று எண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்தப் பேரைக் கடலுக்கடியிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நீ கேட்டது சுருக்கென்று தைத்தது. ஒருத்தர் உடம்பும் கிடைக்கவில்லை என்றாரே சின்னையா. அவர்கள் அகத்தில் எத்தனை பேர் எத்தனை வருஷமாக அந்தப் பேரை வாயில் சொல்ல முடியாமல் இருந்திருப்பார்கள். அன்றைக்கு மைக்கில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது எதிரே ஒரு கப்பல் நிற்க வேண்டாமா. அதிலிருந்து யாராவது இங்கே இருக்கேம்மா என்று சொல்ல வேண்டாமா. நான் பேசினது அத்தனையும் தப்பு கொழந்தே. அபசகுனம் என்று உன்னிடம் கத்தினவனே ஒரு அல்பாயுசுப் பேர்க்காரன், அறுபத்துமூன்று வயசு வரைக்கும் அந்தப் பேரை வைத்துக்கொண்டு சாப்பிட்டு, தூங்கி, கல்யாணம் பண்ணி, உன்னைப் பெற்றிருக்கிறேன். வேறு கப்பல் ஒன்றும் கேட்காதே. கேட்டு எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடு. அதிலேயே போ. பயம் எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் பொய், பெற்றவனுக்கு அது போகாது, ஆனால் பயத்துக்கு அந்தப் பேரைக் காரணம் சொல்ல மாட்டேன்.

என் பிறப்புப் பதிவில் பேர் எழுதாமலே விட்டிருந்தது, ரஷீதா அம்மாள் என்னுடைய நகலைப் பேர் சேர்த்துக் கொடுத்துவிட்டார், இத்துடன் வைத்திருக்கிறேன். பாஸுக்கு ஆதாரில் இருக்கிற 1962-ஐயே போடு. பென்ஷன் புத்தகத்தை அனுப்பவில்லை. அந்தத் தேதி அவனுடையது, அதை அவனிடமே கொடுத்துவிட்டேன், பேரை மட்டும் இரண்டு பேரும் வைத்துக்கொள்கிறோம். நேற்றுத் திரும்பவும் மலைக்கோட்டைக்குப் போய்ப் புடவை எடுத்தாயிற்று, அரக்குக் கலர், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத்தான் கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தியாகப் படுகிறது. சின்னையாவிடம் நாங்கள் போகிறோம் என்று சொன்னேன். என் சார்பா அந்தக் கப்பலை ஒரு தடவை தொட்டுட்டு வாங்க சார் என்றார். அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டு வை.

தீர்க்காயுஸாக, க்ஷேமமாக இரு, போகிற கடலெல்லாம் உனக்கு வழி விடட்டும், நம் பெருமாள் துணை நிற்கட்டும். மறக்காமல் இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, அம்மாவுக்கு இல்லை, எனக்கு. டிக்கெட் எடுத்தாயிற்று. பாஸ் இரண்டு போதும், நாங்கள் மூன்று பேர் வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இரண்டாவது ராஜகோபாலன்